ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை, ஃபிலடெல்ஃபியா: ஆடியோ சுற்றுலா பற்றிய மதிப்புரை

ஃபிலடெல்ஃபியாவின் ஃபேர்மவுண்ட் அவென்யூவில், கலை அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 30 அடி உயர மதிலுக்குள் 11 ஏக்கரில் பரந்து கிடக்கிறது ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி. 1829 முதல் ஏறத்தாழ 140 ஆண்டுகள் பென்சில்வேனியா மாநிலத்தின் முக்கியச் சிறையாக இருந்த இந்த இடம், 1994இலிருந்து அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. மூடிய சிறைகளைச் சுற்றிக் காட்டும் இடங்கள் அமெரிக்காவில் பல உண்டு. அவற்றுள் பலவும் பேய்க் கதைகளையும் பிரபலக் குற்றவாளிகளின் பெயர்களையும் முன்னிறுத்தியே கூட்டம் சேர்க்கின்றன. இங்கும் அவை இல்லாமல் இல்லை. ஆனாலும் கைதிகளைத் திருத்த வேண்டும் என்ற உண்மையான நல்லெண்ணத்தில் பிறந்த ஓர் ஏற்பாடு, எவ்வாறு படிப்படியாக மனிதர்களை உருக்குலைத்தது என்பதைச் சுவரையும் கதவையும் காட்டியே புரியவைக்கும் இடமாக இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. நுழைவுச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முழுமையாகத் தகுதியான இடம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சீட்டு வாங்கியதும் ஆடியோ கருவியையும் ஹெட்ஃபோனையும் கையில் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நடிகர் ஸ்டீவ் புஷேமியின் குரல் நம்மை வழிநடத்துகிறது. அவசரமில்லாத, சற்றே கரகரத்த, எதையும் மிகைப்படுத்தாத குரல் அது. இடையிடையே இங்கே வேலை பார்த்த காவலர்களும் தண்டனை அனுபவித்த கைதிகளும் தம் நினைவுகளைத் தாமே சொல்கிறார்கள். ஒரே கூடத்தைப் பற்றி ஒரு காவலர் ஒரு விதமாகவும் ஒரு கைதி வேறு விதமாகவும் சொல்வதை அடுத்தடுத்துக் கேட்கும்போது, தயாரித்தவர்கள் எந்தப் பக்கமும் சாய்ந்து தீர்ப்புச் சொல்லாமல் நம் பொறுப்பில் விட்டிருப்பது புரிகிறது. முக்கியச் சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்கு அப்பால் விருப்பப்பட்ட எண்ணை அழுத்திக் கேட்கும் கூடுதல் நிறுத்தங்களில்தான் பல நல்ல செய்திகள் இருக்கின்றன. ஆகவே அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.

சிறையின் கதை 1829க்கு முன்பே தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் சிறைகளில் ஆண், பெண், சிறுவர், கடனாளி, கொலையாளி எல்லோரும் ஒரே கூடத்தில் அடைக்கப்பட்டு, பசியிலும் நோயிலும் அடிதடியிலும் கிடந்தார்கள். இதை மாற்றவே 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் சிறைகளின் அவலத்தைத் தணிப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அதன் முன்னோடிகளுள் ஒருவர்; உறுப்பினர்களில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் பலர் இருந்தனர். சவுக்கடியும் தூக்கும் பொது இடத்தில் அவமானப்படுத்துவதும் மனிதனைத் திருத்தாது, தீய சகவாசத்திலிருந்து பிரித்து, வேலையும் விவிலியமும் கொடுத்துத் தனிமையில் விட்டால் அவன் மனச்சாட்சியே அவனைத் திருத்தும் என்று அவர்கள் உளமார நம்பினார்கள். மாநிலச் சட்டமன்றம் 1821இல் புதிய சிறைக்கு ஒப்புதல் அளித்தது. இங்கிலாந்தில் பிறந்த இளம் கட்டடக் கலைஞர் ஜான் ஹாவிலண்ட் தந்த வரைபடம் தேர்வானது.

ஹாவிலண்டின் வரைபடம் எளிமையானது. நடுவில் ஒரு வட்ட மண்டபம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு நீண்ட கொட்டடி வரிசைகள். நடுவில் நிற்கும் ஒரே காவலர், நின்ற இடத்திலேயே திரும்பி எல்லாத் தாழ்வாரங்களையும் கடைசிவரை பார்த்துவிடலாம். அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். அங்கும் நடுக் கோபுரத்திலிருந்து ஏழு வரிசைகள் பிரிந்தன. உலகின் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான சிறைகள் இந்த ஆரக்கால் அமைப்பைப் பின்பற்றிக் கட்டப்பட்டன. இன்றும் நடு மண்டபத்தில் நின்று சுற்றிப் பார்க்க முடிகிறது. ஆடியோவை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நிற்குமாறு பரிந்துரைக்கிறேன். காவல் என்பது ஆள்பலத்தைச் சார்ந்ததல்ல, கட்டடத்தின் கோணத்தைச் சார்ந்தது என்று ஹாவிலண்ட் கணக்கிட்டதை அங்கு நின்றால்தான் உணர முடியும்.

முதல் கைதி 1829 அக்டோபர் 25 அன்று வந்தார். பெயர் சார்லஸ் வில்லியம்ஸ், வயது 18, விவசாய வேலை செய்த கறுப்பின இளைஞர். ஒரு கடிகாரம் உள்ளிட்ட சில பொருள்களைத் திருடியதற்காக இரண்டு ஆண்டுத் தண்டனை. வாயிலைத் தாண்டியதும் தலையிலிருந்து கழுத்துவரை முகமூடி போட்டுத்தான் உள்ளே அழைத்துச் சென்றார்கள். எந்த வழியாக வந்தோம் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. அவர் முகம் வேறு எந்தக் கைதிக்கும் தெரியக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்து பெயர் போய், எண் வந்தது. விடுதலையான பிறகு, உள்ளே பார்த்த ஒருவர் அவரை அடையாளம் கண்டு பழைய வாழ்க்கைக்கு இழுத்துவிடக் கூடாது என்ற அக்கறையும் இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தது. இதைக் கேட்கும்போது கோபப்படுவதா, வியப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

கொட்டடிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கதவு மிகத் தாழ்வானது. முதுகை வளைத்துக் குனியாமல் நுழைய முடியாது. முதலில் கட்டிய வரிசையில் தாழ்வாரப் பக்கம் கதவே கிடையாது. உணவு தள்ளுவதற்கு ஒரு துவாரம் மட்டும் இருந்தது, கைதியைப் பின்புற முற்றத்தின் வழியாகவே உள்ளே விட்டார்கள். உள்ளே வளைந்த கூரையும், அதன் உச்சியில் வானம் தெரியும் ஒரு சின்னத் திறப்பும் உண்டு. வெளிச்சம் அங்கிருந்து மட்டுமே வருகிறது. மதிய வேளையில் அது தரையில் ஒரு வெள்ளைத் துண்டாக விழுந்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரை நோக்கி மெல்ல நகர்கிறது. சுண்ணாம்பும் பெயிண்டும் அடுக்கடுக்காகப் பெயர்ந்து, பச்சை, மஞ்சள், பழுப்பு என்று ஒவ்வொரு காலத்தின் நிறமும் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு கைதிக்கும் தனியாக, உயர்ந்த சுவர் சூழ்ந்த ஒரு முற்றம் இருந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அங்கே உலாவலாம். மீதி 23 மணி நேரமும் இந்த அறைதான். செருப்புத் தைப்பது, நெசவு போன்ற வேலைகளும் இதற்குள்ளேயே. காவலர்களின் காலடிச் சத்தம்கூடக் கேட்காதபடி காலணிக்கு மேல் கம்பளி உறை போட்டுக்கொண்டார்கள். உணவு வண்டியின் சக்கரத்துக்குத் தோல் சுற்றினார்கள்.

அதே அறையில், அக்காலத்து அமெரிக்கச் செல்வந்தர் வீடுகளில்கூட அரிதாக இருந்த வசதிகளும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர், தண்ணீர் ஊற்றிக் கழுவப்படும் கழிப்பறை, குளிருக்கு மைய வெப்ப ஏற்பாடு எல்லாம் ஒவ்வொரு கொட்டடிக்கும் உண்டு. வெள்ளை மாளிகைக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே 1833இல்தான். காரணம் சொகுசு அல்ல. கைதி எதற்காகவும் அறையை விட்டு வெளியே வரவே கூடாது என்பதுதான். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7,80,000 டாலர் செலவாயிற்று; அன்றைய அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த கட்டடங்களுள் ஒன்று இது. ஆனால் மனிதர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. கழிவுநீர்க் குழாய் வழியாகவும் வெப்பக் குழாயில் தட்டியும் பக்கத்து அறையோடு பேசினார்கள். லட்சக்கணக்கில் செலவிட்டு வாங்கிய மௌனத்தை அதே செலவில் போட்ட குழாய்களே உடைத்தன என்ற இந்தப் பகுதி, சுற்றுலாவில் எனக்கு மிகவும் பிடித்தது.

விதியை மீறியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அருங்காட்சியகம் மறைக்கவில்லை. குளிர்காலத்தில் திறந்த வெளியில் தண்ணீர் ஊற்றுவது, நாற்காலியில் இரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டுவது, வாயில் இரும்புக் கடிவாளம் பூட்டி அதைக் கைகளோடு பிணைப்பது என்று தண்டனைகள் இருந்தன. 1833இல் மத்தியாஸ் மக்கம்சி என்ற கைதி அந்த இரும்புக் கடிவாளத்தால் இறந்தார். அடுத்த ஆண்டு சட்டமன்ற விசாரணையும் நடந்தது. சவுக்கடியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் கட்டிய சிறை, திறந்த நான்கே ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்திருந்தது என்பதை மனதில் கொண்டால், பிற்காலத்தில் நடந்த எதுவும் வியப்பளிக்காது.

வெளியிலிருந்து பார்க்க வந்தவர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. 1831இல் பிரெஞ்சு அரசின் சார்பில் அலெக்ஸி டி டோக்வில்லும் குஸ்தாவ் டி போமோனும் வந்து, கைதிகளைத் தனித்தனியே சந்தித்துப் பேசி, இந்த முறையைப் பெரிதும் மதித்து எழுதினார்கள். 1842இல் வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நேர்மாறாக எழுதினார். இதை நடத்துபவர்களின் நோக்கம் இரக்கமானதுதான் என்று ஒப்புக்கொண்ட அவர், மனித மூளையோடு நாள்தோறும் மெல்ல மெல்ல விளையாடும் இந்தத் தண்டனை உடலுக்குச் செய்யும் எந்தச் சித்திரவதையையும்விடக் கொடியது என்றார். தாம் செய்வது இன்னதென்று அவர்களுக்கே தெரியவில்லை என்ற அவருடைய கணிப்பு, இந்த இடத்தைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் மிகச் சரியானது என்பது என் எண்ணம். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில், பகலில் எல்லோரும் ஒன்றாக மௌனமாக வேலை செய்து இரவில் மட்டும் தனியறைக்குத் திரும்பும் முறை இருந்தது. அது செலவு குறைந்தது, தொழிற்சாலை வருமானமும் தந்தது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அதையே எடுத்துக்கொண்டன. ஃபிலடெல்ஃபியாவின் தனிமை முறை ஐரோப்பாவிலேதான் அதிகம் பரவியது. எது திருத்தும் என்ற வாதத்தை எது மலிவு என்ற கணக்கு முடித்துவைத்தது.

இந்த வீழ்ச்சியைக் கட்டடத்திலேயே படிக்கலாம். 250 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் கூட்டம் பெருகப் பெருக, ஓர் அறைக்கு இருவர், பிறகு அதற்கும் மேல் என்று அடைத்தார்கள். ஹாவிலண்டின் ஏழு ஆரக்கால்களுக்கு இடையே 1877 முதல் புதுப் புது வரிசைகளைச் செருகினார்கள். அவை நடு மண்டபத்திலிருந்து நேராகத் தெரியாததால், கண்ணாடிகளைச் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. தனி முற்றங்கள் போய் எல்லோருக்கும் பொதுவான மைதானம் வந்தது. 1913இல் தனிமை முறை அதிகாரபூர்வமாகவே கைவிடப்பட்டது. 1920களில் இங்கே ஏறத்தாழ 1,700 பேர் இருந்தார்கள். 14ஆம் வரிசைக்கு அடியில் வெளிச்சமோ காற்றோட்டமோ இல்லாத தண்டனை அறைகளும் இருந்தன. திருந்துவதற்கென்று கொடுத்த தனிமை, தண்டிப்பதற்கென்று மண்ணுக்கு அடியில் போய்விட்டது.

கூட்டம் அதிகம் சேருவது அல் கபோனின் அறையில்தான். 1929இல் ஃபிலடெல்ஃபியாவில் மறைத்து வைத்த துப்பாக்கியோடு பிடிபட்ட சிகாகோ தாதா, இங்கே எட்டு மாதங்கள் இருந்தார். அன்றைய செய்தித்தாள் வருணித்தபடி மேசை, கம்பளம், விளக்கு, ரேடியோ எல்லாம் வைத்து அறையை அமைத்திருக்கிறார்கள். பார்க்கலாம், நிற்க வேண்டியதில்லை. 1924இல் இங்கே கொண்டுவரப்பட்டு, கைதி எண் கொடுத்துப் புகைப்படமும் எடுக்கப்பட்ட பெப் என்ற நாயின் கதையும் அவ்வாறே. ஆளுநரின் நாய் அது.

மாறாக, 7ஆம் வரிசையில் நேரம் செலவிடுங்கள். முதல் வரிசைகள் ஒரே தளம் கொண்டவை. இது இரண்டு தளங்களோடு, வளைந்த உயர்ந்த கூரையும் மேலிருந்து வரிசையாக இறங்கும் வெளிச்சமுமாகத் தேவாலயம் போலவே இருக்கிறது. அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். இதே வரிசையிலிருந்துதான் 1945 ஏப்ரல் 3 அன்று 12 பேர் தப்பினார்கள். பூச்சு வேலை செய்த கிளாரன்ஸ் கிளைன்டின்ஸ்ட் என்ற கைதி தன் அறைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 100 அடி நீளத்துக்கு, மின்விளக்கும் முட்டுக் கட்டைகளுமாக ஒரு சுரங்கப் பாதை தோண்டியிருந்தார். வங்கிக் கொள்ளையில் பேர்போன வில்லி சட்டனும் அதில் வெளியேறி, சில நிமிடங்களில் பிடிபட்டார். இறுதியில் 12 பேருமே சிக்கினார்கள். இந்தச் சிறையின் வரலாறு முழுவதிலும் தப்பியோடிக் கடைசிவரை பிடிபடாதவர் 1923இல் ஏணி வைத்து மதிலேறிய லியோ கல்லஹன் ஒருவர் மட்டுமே.

1950களில் கட்டிய 15ஆம் வரிசை மரண தண்டனைக் கைதிகளுக்கானது. ஹாவிலண்டின் கல் வளைவுகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால், தட்டையான கூரையும் கம்பிக் கதவுகளுமாக முற்றிலும் வேறோர் உலகம். தண்டனை இங்கே நிறைவேற்றப்பட்டதில்லை. அது மாநிலத்தின் ராக்வியூ சிறையில் நடந்தது. 1961இல் இங்கே பெரிய கலவரம் வெடித்தது. கூரை ஒழுகியது, குழாய்கள் அரித்தன, பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல் போயிற்று. 1970இல் மாநிலம் இச்சிறையை மூடி, கைதிகளில் பெரும்பாலோரைக் கிரேட்டர்ஃபோர்டுக்கு மாற்றியது. அந்தச் சிறையும் 2018இல் மூடப்பட்டு, அதன் இடத்தில் ஃபீனிக்ஸ் என்ற புதிய சிறை வந்துவிட்டது.

மூடிய பிறகு மதிலுக்குள் மரங்கள் காடாக வளர்ந்தன, பூனைகள் குடிபுகுந்தன. 1980இல் நகராட்சி வாங்கியது. வணிக வளாகம், அடுக்குமாடி என்று பல திட்டங்கள் பேசப்பட்ட நேரத்தில், வரலாற்றில் அக்கறை கொண்ட ஒரு குழு 1988இல் மேயர் வில்சன் குட் என்பவரைச் சந்தித்து அவற்றை நிறுத்தச் செய்தது. அவர்களுக்கு நான் தனிப்பட்ட முறையில் நன்றி சொல்ல விரும்புகிறேன். புதுப்பித்துப் பளபளப்பாக்காமல், இடிந்து விழாமல் தாங்கி நிறுத்தி, சிதைவைச் சிதைவாகவே வைத்திருப்பது அருங்காட்சியகம் எடுத்த மிக நல்ல முடிவு. சீரமைத்த யூத வழிபாட்டுக் கூடம் போன்ற சில இடங்கள் மட்டுமே விதிவிலக்கு. அவற்றையும் தவறாமல் பாருங்கள்.

இந்த இடத்தை வெறும் பழைய கட்டடச் சுற்றுலாவிலிருந்து உயர்த்துவது மைதானத்தில் நிற்கும் 16 அடி உயர எஃகுப் புள்ளிவிவர வரைபடம். 2014இல் நிறுவப்பட்டது. ஒரு பக்கம் 1900 முதல் அமெரிக்காவின் சிறைவாசி விகிதம் எவ்வாறு ஏறியது என்பதைப் படிக்கட்டு போல நிற்கும் எஃகுத் தூண்களில் காட்டுகிறது. 1970 வரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் செல்லும் தூண்கள் அதன் பிறகு கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு எழுகின்றன. இந்தச் சிறை மூடிய அதே காலத்தில்தான் நாடு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சிறைகளை நிரப்பத் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் 20 லட்சத்தை ஒட்டிய மக்கள் சிறைகளில் இருக்கிறார்கள். மற்றொரு பக்கம் பிற நாடுகளோடு ஒப்பிடுகிறது. இன்னொன்று கைதிகளின் இன விகிதத்தைக் காட்டுகிறது. அருகிலேயே 2016 முதல் இன்றைய சிறைகளைப் பற்றிய ஒரு காட்சியகமும் உண்டு. 1980களுக்குப் பின் கலிஃபோர்னியாவின் பெலிகன் பே போன்ற அதி பாதுகாப்புச் சிறைகளில், நாளொன்றுக்கு 22, 23 மணி நேரம் ஒருவரைத் தனியறையில் வைக்கும் வழக்கம் திரும்பி வந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, சார்லஸ் வில்லியம்ஸின் கொட்டடி பழங்கதையாகத் தெரியாது. இப்போது திருத்தும் நோக்கம்கூடச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

ஆடியோவோடு நின்றுவிடாமல், வழிகாட்டிகளோடும் பேசுங்கள். சிறையிலிருந்து விடுதலையானவர்களையும் இங்கே வழிகாட்டிகளாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். தனியறையில் இருந்த ஒருவர் தனியறையைப் பற்றிச் சொல்வதற்கும், மற்றவர் சொல்வதற்கும் உள்ள இடைவெளியை எந்தப் பதிவாலும் நிரப்ப முடியாது.

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று உண்டு. 1829 முதல் 1850 வரையிலான காலம் ஆழமாகவும், 1913க்குப் பிந்திய ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தப்பித்தல், கலவரம், பிரபலங்கள் என்ற துணுக்குகளாகவும் சொல்லப்படுகின்றன. பெண் கைதிகள் 1923 வரை இங்கே இருந்தார்கள். அவர்களைப் பற்றிய பகுதி சுருக்கமாகவே முடிந்துவிடுகிறது. அன்றாட நிர்வாகம் எப்படி நடந்தது, 1,700 பேருக்குச் சமைத்தது யார், தொழிற்கூடங்களில் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்க விரும்புபவர் கூடுதல் நிறுத்தங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கொட்டடி வரிசைகளில் வெப்ப ஏற்பாடு இல்லை. குளிர்காலத்தில் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் குளிர்கிறது. தரை மேடுபள்ளமாக இருப்பதால் பிடிப்பான காலணி அவசியம். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயர்நிலைப் பள்ளி வயதினரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். இலையுதிர் காலத்து ஹாலோவீன் இரவு நிகழ்ச்சிக்குத் தனிச் சீட்டு. அதன் வருமானம் இந்தப் பழைய சுவர்களைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை; ஆயினும் முதல் முறை செல்பவர்கள் ஒரு வார நாளின் காலையில், வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்று, கபோனின் அறைக்குக் கூட்டம் சேருவதற்கு முன் முதல் வரிசையைப் பார்த்துவிடுவது நல்லது.